கற்றல் விளைவும் ஆய்வும் வகுப்பறைக்குள் வர: அறிவியல் ஆசிரியர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கான முழு வழிகாட்டி

ஒரு வகுப்பை முடிக்கும்போது பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் கற்றல் விளைவுகள் பட்டியல் ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆய்வெல்லாம் பயிற்சியில் காட்டிய பவர்பாயின்டோடு போய்விட்டது, வகுப்பில் பாடம் அது பாட்டுக்கு நடக்கிறது. இதையெல்லாம் இணைத்துக் கொடுங்கள் என்று ஆசிரியர் பயிற்றுநரிடமும் குறுவள மையக் (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் மையம்) கருத்தாளரிடமும் சொல்லிவிடுகிறார்கள். எப்படி இணைப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நீங்கள் பயிற்றுநராக இருக்கலாம், தலைமை ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வகுப்பு டீச்சருக்கு உதவ நினைக்கும் மூத்த அறிவியல் ஆசிரியராகவும் இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

என் கட்சி இது: இந்த இணைப்பைப் பேசி உண்டாக்க முடியாது. பிள்ளைகள் எழுதிய பதிலை ஆசிரியர் முன்னால் வைத்தால்தான் அது உண்டாகும். ஆய்வை முதலில் எடுத்தால் “நல்லா இருக்கு சார், ஆனா நம்ம பிள்ளைகளுக்கு ஒத்து வராது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் வகுப்புப் பிள்ளை எழுதியதை முதலில் எடுத்தால், “ஏன் இப்படி எழுதியிருக்கான்?” என்று அவரே கேட்பார். ஆய்வுக்கு அங்கேதான் வேலை.

எல்லாப் பாடத்துக்கும் பொதுவாகச் சொன்னால் எதற்கும் உதவாது என்பதால், ஆறாம் வகுப்பு மின்னியலை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை போகலாம்.

படி 1: ஒரே ஒரு கற்றல் விளைவை எடுங்கள்

தொடக்கநிலை வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை தேசிய அளவில் பாடத்திட்டம் வகுக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2017-ல் வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை பாடவாரியாக இருக்கும். அதில் அறிவியலுக்கு வரும் வரிகளைப் படித்தால் எல்லாமே பிள்ளை செய்யும் வேலையாக இருக்கும்: வகைப்படுத்துவது, எளிய சோதனை செய்து விடை தேடுவது, படம் வரைந்து பாகம் குறிப்பது, கைக்குக் கிடைக்கும் பொருளில் மாதிரி செய்து அது வேலை செய்யும் விதத்தை விளக்குவது. ஆறாம் வகுப்பில் டார்ச் மாதிரி எடுத்துக்காட்டாகவே வருகிறது.

நாம் அந்த டார்ச்சையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியரிடம் ஒரு பாதித் தாள் கொடுத்து, இந்த விளைவை உண்மையிலேயே அடைந்த பிள்ளை என்ன செய்யும், மனப்பாடம் மட்டும் செய்த பிள்ளை என்ன செய்யும், இரண்டு பேரையும் எதை வைத்துப் பிரித்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. கரும்பலகையில் இருந்த டார்ச் படத்தை அப்படியே திருப்பி வரைவது வேறு, ஸ்விட்ச் போடாதபோது ஏன் எரியவில்லை என்பதைப் படத்தில் விரல் வைத்துக் காட்டுவது வேறு என்ற இடத்துக்கு அவரே வந்துசேர்வார்.

அப்புறம் போன ஆண்டு வளரறி மதிப்பீடு (ஆ)-வுக்கு, அதாவது பருவத்தின் நடுவே நடக்கும் சிறு எழுத்துத் தேர்வுக்கு, கொடுத்த வினாத்தாளை எடுத்து அந்தத் தாளின் பக்கத்தில் வையுங்கள். மின்கலம் என்றால் என்ன, கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக என்றுதான் பெரும்பாலும் இருக்கும். விளைவு ‘விளக்குவார்’ என்கிறது, வினாத்தாள் ‘நிரப்புக’ என்கிறது. இதை நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலே போதும்.

மாதத்துக்கு ஒரு விளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்தப் பருவத்தில் எல்லா விளைவுகளையும் பார்த்துவிடலாம்’ என்று ஆரம்பித்தால் பதிவேடுதான் நிரம்பும்.

படி 2: பாடம் நடத்தும் முன் ஒரு கேள்வி

ஒரு டார்ச் செல், ஒரு சின்ன டார்ச் பல்பு, கம்பி. இவற்றை வைத்து நான்கு படங்கள் வரைந்துகொள்ளுங்கள். முதல் படத்தில் செல்லின் மேல் முனையிலிருந்து ஒரே கம்பி, பல்பின் அடிக் குமிழுக்குப் போகிறது, அவ்வளவுதான். இரண்டாவதில் செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு கம்பிகள் வந்து அதே அடிக் குமிழைத் தொடுகின்றன. மூன்றாவதில் ஒரு கம்பி அடிக் குமிழிலும் இன்னொன்று பக்கவாட்டில் உள்ள மரையிலும் தொடுகிறது. நான்காவதில் பல்பு செல்லின் தலையிலேயே நிற்கிறது, செல்லின் அடியிலிருந்து ஒரு கம்பி வளைந்து பல்பின் மரையைத் தொடுகிறது. எது எதில் பல்பு எரியும்? ஏன் என்று இரண்டு வரி எழுதுக.

மூன்றும் நான்கும் எரியும். நான்காவதில் ஒரே கம்பிதான் இருக்கிறது என்பதால் நிறையப் பேர் அதை ஒதுக்கிவிடுவார்கள். “ஏன்” என்ற இரண்டு வரி இல்லாமல் இந்தக் கேள்வியால் பயனே இல்லை, குறி போட்டுவிட்டுப் போவதில் யோசனை தெரியாது.

மதிப்பெண் கிடையாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். தமிழில் எழுதத் தடுமாறும் பிள்ளை இருந்தால் வாயால் சொல்லச் சொல்லி ஆசிரியர் குறித்துக்கொள்ளலாம். ‘ரெண்டு பக்கமும் கரெண்ட் வந்து மோதுது, அதான் எரியுது’ என்று பேச்சுத் தமிழில் எழுதினால் அதைத் திருத்தாதீர்கள், நமக்கு வேண்டியதே அதுதான்.

படி 3: தாள்களைப் பிரித்து அடுக்குங்கள்

எல்லாவற்றையும்விட நேரம் ஒதுக்க வேண்டிய படி இது. நீங்களும் ஆசிரியரும் உட்கார்ந்து தாள்களை மேசையில் கொட்டுங்கள். சரி, தவறு என்று பிரிக்கக் கூடாது. எழுதிய பிள்ளை எதை நினைத்து எழுதியிருக்கும் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே மாதிரி யோசனை உள்ள தாள்கள் ஒரே அடுக்கு, புது யோசனை தென்பட்டால் புது அடுக்கு.

மின்னியலில் இது எப்படிப் பிரியும் என்று முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். 1980களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் இதே மாதிரி செல், பல்பு, கம்பியை வைத்துப் பிள்ளைகளிடம் கேட்டார். அவர் கண்டவை நான்கு யோசனைகள். கரெண்ட் செல்லிலிருந்து பல்புக்குப் போனால் போதும், திரும்பி வரத் தேவையில்லை, இரண்டாவது கம்பி சும்மா என்பது ஒன்று. இரண்டு முனைகளிலிருந்தும் கரெண்ட் கிளம்பிப் பல்பில் மோதுகிறது என்பது இன்னொன்று. ஒரு பக்கமாகச் சுற்றித்தான் போகிறது, ஆனால் பல்பு கொஞ்சத்தைத் தின்றுவிடுவதால் திரும்பும் கம்பியில் குறைவாகத்தான் போகும் என்பது மூன்றாவது. சுற்று முழுக்க அதே அளவு என்ற சரியான யோசனை நான்காவது. அதற்குப் பிறகு பல நாடுகளில் கேட்டுப் பார்த்தபோதும் இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. ஆக, உங்கள் வட்டாரத்துப் பிள்ளை ‘தப்பாகக் கற்றுக்கொண்டது’ இல்லை இது, யோசிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். இதைக் கேட்டதும் ஆசிரியரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், அதுவரை அவர் தன் மேல் குறை சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

ஒவ்வோர் அடுக்கையும் பார்த்து, இந்த யோசனை இவனுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று பேசுங்கள். செல்போன் சார்ஜர் வயரைப் பாருங்கள், வெளியே ஒரே வயர்தான், உள்ளே தனித்தனிக் கம்பிகள் இருப்பது பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை. வீட்டில் ஃபேன் வயரும் அப்படித்தான். பிறகு ஒரு கம்பி போதும் என்று நினைக்காமல் என்ன செய்யும்? ஏ.சி. போட்டால் கரெண்ட் ரொம்ப இழுக்கும் என்று கேட்டு வளரும் பிள்ளைக்குப் பல்பு கரெண்டைத் தின்கிறது என்பதும் நியாயமாகத்தான் படும். செலவாவது ஆற்றல், மின்னோட்டம் குறைவதில்லை என்ற வேறுபாட்டைப் பெரியவர்களே தெளிவாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பட்டமளிப்பு நாளில், அங்கியும் தொப்பியுமாக நின்றவர்களிடம் செல், பல்பு, கம்பியைக் கொடுத்து எரிய வைக்கச் சொல்லிப் படம் பிடித்திருக்கிறார்கள், முழித்தவர்கள் நிறையப் பேர். இதைச் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பும் வரும், ‘நம்ம பிள்ளைகள்’ என்ற பேச்சும் கொஞ்சம் அடங்கும்.

எந்த அடுக்கு பெரிதாக இருக்கிறதோ அதுதான் அடுத்த பாடத்தின் இலக்கு. எல்லா அடுக்குகளையும் ஒரே வகுப்பில் சரிசெய்ய ஆசைப்பட வேண்டாம்.

நடுவே ஒரு வார்த்தை: எல்லா ‘ஆய்வும்’ ஆய்வு இல்லை

படித்தால் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்டால் 20 சதவீதம், செய்தால் 90 சதவீதம் என்று ஒரு கூம்புப் படம் பயிற்சிக்குப் பயிற்சி வரும். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் போட்ட கூம்பில் அந்த எண்களே இல்லை, பிற்பாடு யாரோ சேர்த்தவை. அதேபோல் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளை வகைபிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பது. 2008-ல் ஹரோல்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். உங்கள் பவர்பாயின்டில் இவை இருந்தால் எடுத்துவிடுங்கள். இவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆய்வு என்றாலே ஆசிரியர்களுக்குச் சலிப்பாகிறது.

படி 4: பிள்ளையின் யோசனையைச் சோதனைக்கு விடுங்கள்

சரியான விடையைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எழுதிக்கொள்ளும், பழைய யோசனையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அறிவியல் கல்வியில் இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். 1982-ல் போஸ்னரும் உடன் எழுதியவர்களும் சொன்னதைச் சுருக்கினால், தன் யோசனை போதவில்லை என்று பிள்ளைக்கே முதலில் தோன்ற வேண்டும், அப்புறம் புதியது புரிய வேண்டும், நம்பும்படி இருக்க வேண்டும், பயன்படவும் வேண்டும். வகுப்பில் இதற்கு வசதியான வடிவம் ஒன்று உண்டு: என்ன ஆகும் என்று முதலில் ஊகித்து எழுது, அப்புறம் பார், பார்த்ததற்கும் ஊகித்ததற்கும் இடைவெளி இருந்தால் விளக்கு.

பல்பு கரெண்டைத் தின்கிறது என்ற அடுக்கு பெரிது என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரி இரண்டு டார்ச் பல்புகளைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக, இணையுங்கள், செல் இரண்டு போடுங்கள். இன்னும் இணைப்பை முடிக்காமல் நிறுத்தி, எது பிரகாசமாக எரியும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘முதல் பல்பு’ என்று நிறையப் பேர் எழுதுவார்கள். கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் போடுங்கள், பிறகு இணையுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும், முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் இரண்டு பல்புகள் அச்சாக ஒன்றுபோல இருக்காது, ஒன்று லேசாக மங்கலாக எரியலாம். உடனே ‘பாத்தீங்களா சார், ரெண்டாவதுக்குக் கம்மி’ என்று குரல் வரும். மழுப்ப வேண்டாம், நல்ல வாய்ப்பு. பல்புகளை இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் அந்தப் பல்போடேயே போகிறதா, அந்த இடத்திலேயே நிற்கிறதா என்று கேளுங்கள். பல்போடு போனால் குறை பல்பில் இருக்கிறது, இடத்தில் இல்லை. செல்லைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இரண்டும் சமமாக எரிந்துவிட்ட வகுப்பைவிட இப்படிக் குளறுபடியான வகுப்பில்தான் அறிவியல் நடக்கிறது.

உயர்நிலைப் பள்ளியாக இருந்தால் ஆய்வகத்திலிருந்து மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் இரண்டு எடுத்துப் பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துக் காட்டுங்கள். இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்.

பொருள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இழை உள்ள டார்ச் பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, அதற்குப் பதில் எல்.இ.டி. வாங்கி வந்துவிடுவார்கள். ஒரு செல்லின் 1.5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. சரியாக எரியாது, வெள்ளைக்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும், போதாக்குறைக்குத் திருப்பி இணைத்தால் எரியவே எரியாது. மின்சுற்றைப் பற்றிப் பிள்ளை இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருக்கும்போது இந்தக் குழப்பம் தேவையில்லை. பழைய சைக்கிள் கடை, எலக்ட்ரிக்கல் கடை என்று தேடி இழை பல்பே வாங்கிவிடுங்கள். படி 2-ல் வரைந்த இரண்டாவது படத்தைச் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் கம்பியைத் தொட்டதும் எடுத்துவிடச் சொல்லுங்கள், அது குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்), கம்பி சுடும்.

படி 5: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுவது

“புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்ர்ர்!” இந்தக் கோரஸில் யாருக்குப் புரிந்தது என்று யாருக்கும் தெரியாது.

கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1970களில் வந்த இந்த ஆய்வுக்குச் செலவே கிடையாது, ஆனால் செய்வது கஷ்டம், மூன்று வினாடி மௌனம் ஆசிரியருக்கு மூன்று நிமிடம் மாதிரி இருக்கும்.

ஆசிரியரின் போனையே மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவரே வீட்டில் கேட்டு எண்ணட்டும், உங்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பதில் வந்தபின் காத்திருப்பதும் முக்கியம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், ‘வெரி குட்’ என்று உடனே சொன்னால் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

படி 6: நோட்டும் தேர்வும்

வகுப்பு எவ்வளவு மாறினாலும் தேர்வு மாறாவிட்டால் பெற்றோரும் பிள்ளையும் தேர்வைத்தான் நம்புவார்கள். வளரறி மதிப்பீடு (ஆ) வினாத்தாளை ஆசிரியரே தயாரிக்கிறார் என்றால், அதில் ஒரே ஒரு கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு: ‘முத்துவின் டார்ச் எரியவில்லை. செல் புதிது, பல்பும் நன்றாக இருக்கிறது. வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்? ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பாய்?’ படி 1-ல் பாதித் தாளில் எழுதிய வேறுபாடு இந்தக் கேள்வியில் பளிச்சென்று தெரியும்.

திருத்தும்போது என்ன எழுதுவது என்பதற்கு ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வு உதவும். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, பிள்ளை மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது. இங்கே மதிப்பெண் இல்லாமல் முடியாது என்பது தெரிந்ததே. அதனால் நோட்டில் குறிப்பு மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள், பிள்ளை அதைச் சரிசெய்து காட்டட்டும், மதிப்பெண் பதிவேட்டில் இருக்கட்டும். குறிப்பும் ‘நன்று’, ‘முயற்சி செய்’ என்று இருந்தால் போதாது. ‘உன் படத்தில் கரெண்ட் எந்த வழியாகத் திரும்புகிறது? அம்புக்குறி போடு’ என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று, மறுநாள் பாடம் தொடங்கும்போது போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளை நோட்டைப் பார்க்காமல் எழுதச் சொல்லலாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் காட்டியது இதுதான்: ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள் முந்துகிறார்கள். ‘இப்பதானே படிச்சேன், அதுக்குள்ள மறந்துட்டேன்’ என்பவருக்கும் இது பொருந்தும்.

படி 7: வகுப்பில் உட்காரும்போது

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்த்துப் படிவம் நிரப்புவதை விட்டுவிடுங்கள். இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, முடிந்தால் படி 3-ல் வெவ்வேறு அடுக்கில் இருந்தவர்களை, பாடம் முழுக்க அவர்களை மட்டும் கவனியுங்கள். என்ன எழுதினார்கள், எப்போது அழித்தார்கள், பக்கத்தில் இருப்பவனிடம் என்ன கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடம் முடிந்ததும் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியது அந்தக் குறிப்பை மட்டும்தான். “டீச்சர், பல்பை இடம் மாத்தினப்போ அவ தன் ஊகத்தை அடிச்சுட்டு வேற எழுதினா, பாருங்க” என்றால் பேச்சு பாடத்தைப் பற்றி நடக்கும். “நீங்க இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்” என்றால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும்.

படி 8: தனியாக விடாதீர்கள்

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. 1982-ல் ஏகலவ்யா நிறுவனம் உருவானபின் அதுவே திட்டத்தை முன்னெடுத்தது, மாநில அரசு 2002-ல் நிறுத்தும் வரை அரசுப் பள்ளிகளில் நடந்தது. பிள்ளைகள் சோதனை செய்து கற்றார்கள் என்று மட்டும் அதை நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு: ஆசிரியர்கள் மாதாமாதம் கூடி வகுப்பில் வந்த சிக்கல்களைப் பேசினார்கள், தேர்வையும் மாற்றினார்கள், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. பாடம், கூட்டம், தேர்வு எல்லாம் ஒரே பக்கம் இழுத்தன.

நம்மிடம் குறுவள மையக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதே நான்கு படக் கேள்வியைக் கொடுத்த ஆசிரியர்கள் ஆளுக்குப் பத்துத் தாள்கள் கொண்டுவரட்டும், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு. எல்லாவற்றையும் கலந்து அடுக்குங்கள். பிறகு பெரிய அடுக்குக்கு அடுத்த மாதம் எல்லோரும் என்ன ஒரே விஷயத்தைச் செய்து பார்க்கப் போகிறோம் என்று முடிவெடுத்துக் கலையுங்கள். சுற்றறிக்கை வாசிப்பு அந்த ஒரு மணி நேரத்துக்குள் வரக் கூடாது, இதில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள்.

தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு, ஆண்டு, வகுப்பு, பாடம் எழுதிப் பள்ளியிலேயே வையுங்கள். பயிற்றுநர் மாறுவார், ஆசிரியரும் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போவார், புதிதாக வருபவருக்கு அந்தக் கவர் போதும். அதே பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் மின்னியலுக்கு வரும்போது அதே நான்கு படங்களை மறுபடி கொடுத்து, பழைய தாளோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.